கிழிக்கிற மிஷினும் கருமாதி கார்டும்

எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குக் காகிதம் கிழிக்கிற மிஷின் வந்ததற்குக் காரணம் அரைக்கிலோ காரச்சேவு. சிரிக்காதீர்கள். கோவில்பட்டியில் பழைய பேப்பர் எல்லாம் கடைசியில் பொட்டலமாகத்தான் வந்து நிற்கும். வடக்கே ஒரு வியாபாரிக்கு எங்கள் முதலாளி அண்ணாச்சி எழுதின ரேட் கடிதத்தின் நகல் எடைக்குப் போய், பஜாரில் சேவு மடிக்கப் போய், எதிர்க் கம்பெனிக்காரர் வீட்டில் விரிந்துவிட்டது. அவர் சும்மா இருந்தாரா? ஒரு கல்யாணப் பந்தியில் வைத்து, "உங்க ரேட்டு நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு அண்ணாச்சி" என்றாராம். எங்கள் அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது.

எரித்துவிடலாமே என்றால், தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டுக்குள் ஒரு பீடிகூடப் பற்ற வைக்கக் கூடாது. அதனால் மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் இரண்டு மிஷினோடு வந்து இறங்கினார். ஒன்று காகிதத்தைச் சேமியா மாதிரி நீள நீளமாகக் கிழிக்கும். இன்னொன்று குறுக்கேயும் வெட்டிப் பொடித்துண்டாக்கும், விலை கூட. நீளமாகக் கிழிக்கிறதே போதும் என்றார் அண்ணாச்சி.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நான் அங்கே டைப் அடிக்கிற வேலைக்கு வந்தவள்தான். ஆனால் பாவாடை கட்டின வயசிலிருந்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டின கை இது. விற்பனைக்காரர் கிழித்துக் காட்டின கடிதத்தின் கீற்றுகளை அள்ளி மேஜையில் பரப்பினேன். லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையைத் தொட்டேன். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கடிதம் முழுசாக அண்ணாச்சி கையில் இருந்தது.

"இந்த ஊர்ல பொம்பளைப் பிள்ளைக எல்லாத்துக்கும் இந்தக் கை இருக்கு அண்ணாச்சி. இந்த மிஷினை வாங்குறதும் ஒண்ணுதான், கடிதத்தை வெத்தலை பாக்கோட எதிர்க் கம்பெனிக்கே கொடுத்துவிடுறதும் ஒண்ணுதான்" என்றேன்.

"ஏ ஆத்தாடி, என்ன வாய்!" என்று சிரித்துவிட்டு, பொடியாக வெட்டுகிறதையே வாங்கினார்.

மிஷின் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, என் பொறுப்பு. பின் அடித்த காகிதத்தைப் போட்டால் பல் மழுங்கும். ஆசைப்பட்டு ஒரேயடியாகத் திணித்தால் சூடேறி நின்றுவிடும். ஆறவிட்டுத்தான் மறுபடி போடணும். இந்தக் கரிசல் தூசி வேறு உள்ளே போய் அப்பிக்கொள்ளும். எண்ணெய் விடாமல் ஓடாது. அதற்கென்று விற்கிற எண்ணெய் இங்கே எங்கே கிடைக்கிறது? என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைக்கிறவர். "தையல் மிஷின் எண்ணெய் போதும்ட்டி, ரெண்டும் இரும்புதான" என்று ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தாளில் எண்ணெயைக் கோடு கோடாக விட்டு, அந்தத் தாளையே மிஷினுக்குள் விட வேண்டும். சனிக்கிழமை தோறும் அது என் வேலை.

அண்ணாச்சிக்கு ஊர் முழுக்கச் சொந்தம். ஆபீஸ் முகவரிக்குக் கருமாதி கார்டு வராத வாரம் கிடையாது. எங்கள் பக்கம் அதைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் துக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளுமாம். யார் கிழிப்பது என்று ஆளாளுக்குத் தள்ளுவார்கள். மிஷின் வந்தபிறகு, "இங்கன கொண்டாங்க" என்று நான் வாங்கி உள்ளே விட ஆரம்பித்தேன். அதுவே ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. கணக்கு எழுதுகிற பாய்க்கு அவர்கள் பக்கம் இப்படி ஒன்றே கிடையாது. அவரும் எங்களோடு பழகிக்கொண்டார்.

ஒரு மாசி மாதச் சாயங்காலம், வேலை விட்டு வருகிற பஸ் பசுவந்தனை தாண்டும்போது என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா என்று பேசினார்கள். பேசட்டும். கல்லாகத்தான் இருந்தேன்.

கார்டில் போட ஒரு போட்டோ கேட்டார்கள். லைசென்ஸுக்கென்று எடுத்து, லைசென்ஸ் வாங்காமலே கிடந்தது ஒன்று இருந்தது. அவரே தைத்த கட்டம் போட்ட சட்டை, ஏதோ சொல்ல வந்து சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். அதுதான் அவர். கல்யாணப் போட்டோவில் இருப்பது மாலைக்குள் மிரண்டுபோய் நிற்கிற யாரோ ஒரு பையன். கொழுந்தனார் அச்சாபீஸில் கொடுத்த அந்தப் போட்டோ திரும்பி வரவில்லை. கொடுத்துட்டோம் என்றார்கள் அவர்கள். வாங்கலை என்றார் இவர். ஸ்டுடியோவில் நெகட்டிவும் இல்லை. கார்டாவது இருக்குமே என்றால், மிச்சக் கார்டுகளைக் கட்டோடு மாமியார் காரியத்தன்றே அடுப்பில் போட்டுவிட்டார். சொந்தக்காரர்களைக் கேட்டேன். "கிழிச்சுட்டோமே தாயி, வச்சுக்கிடக் கூடாதுல்லா" என்றார்கள்.

கண்ணை மூடினால் சட்டை வந்தது, நடை வந்தது. முகம் வரவில்லை. அதற்குத்தான் பயந்தேன்.

மிச்சம் இருந்தது ஆபீஸுக்குப் போன கார்டு ஒன்றுதான். என் வீட்டுக் கார்டு இல்லையா, கிழிக்க மனசு வராமல் யாராவது போட்டு வைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றார்.

"பாய், எங்க வீட்டுக் கார்டு ஒண்ணு வந்திருக்குமே?"

"அதை நினைச்சுக் கவலைப்படாதம்மா. நேத்துவரைக்கும் உன் மேஜையிலதான் கிடந்துச்சு, ஒருத்தரும் தொடலை. நீ வந்து அதைப் பார்க்கக் கூடாதேன்னு நேத்து நானே மிஷின்ல விட்டுட்டேன். நம்ம ஆபீஸ் வழக்கம் எனக்குத் தெரியாதா?"

அம்புட்டுப் பாசமாகச் சொன்னார். அவரை என்ன சொல்ல முடியும்?

மிஷினின் கூடையைக் கழற்றித் தரையில் கவிழ்த்தேன். மற்றக் காகிதத்துக்கு நடுவே வழவழப்பான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒன்றில் சட்டைக் கட்டம் தெரிந்தது. ஒன்றில் கறுப்பாக ஏதோ இருந்தது. மீசையா, எழுத்தா, தெரியவில்லை.

அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றார். பாய் சொல்லியிருப்பார்.

"ஏம்மா, அன்னைக்கு டீ குடிக்கிற நேரத்துல ஒட்டிக் காட்டினியே. பசை கொண்டாரச் சொல்லட்டுமா?"

"ஒட்ட முடியாதுன்னுதான அண்ணாச்சி இதை வாங்கச் சொன்னேன்."

அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். அன்று சனிக்கிழமை. பொறுக்கின துண்டுகளை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு மூடினேன். குப்பியை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் எண்ணெயைக் கோடு கோடாக விட்டு மிஷினுக்குள் விட்டேன். என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த எண்ணெயில் அது நன்றாகவே ஓடியது.