சித்திரையில் சைக்கிள் பழகியவர்

மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டைக் கோடை நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் குளிர்காலம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பனி கொட்டினாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. தடித்த ஜாக்கெட்டுகளைத் தோய்த்து, ஹீற்றருக்கு மேல் காயவைத்து, சூட்கேசில் மடித்து வைத்துவிடுவேன். பிறகு ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்யும்போது அதே சூட்கேசைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பேன். என் கணவர் சூட்கேசைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் தருவார். ஒவ்வொரு வருடமும் இது நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. ஜேர்மனியின் எசன் நகரத்தில் நான்கு மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். நான், கணவர், எங்கள் மகள். மகளுக்குப் பத்து வயது, நான்காம் வகுப்பு. கணவர் இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் மாறி மாறி வரும் நேர வேலை செய்தார். நான் காலையில் இரண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு மகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன் வீடு திரும்பிவிடுவேன்.

அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், மகள் ஒரு கடிதத்தோடு வந்தாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பரீட்சை வருகிறது. பொலிஸ்காரர் ஒருவர் வந்து வீதி ஒழுங்கு படிப்பித்து, தெருவில் ஓடவிட்டுப் பார்ப்பார். பரீட்சை முடிந்தபின் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பிலுள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து கால்வாய்க்கரையோரம் சைக்கிளில் போவதாக ஏற்பாடு. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும். கடிதத்தின் அடியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"மூண்டு பேர் எண்டு எழுதுங்கோ அம்மா" என்றாள் மகள்.

நான் எழுதினேன். கணவர் பின்னேரம் வேலையால் வந்து அதைப் பார்த்தார்.

"அண்டைக்கு எனக்கு வேலை" என்றார்.

"மே மாதத்து வேலை இப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "எல்லாற்றை அப்பாமாரும் வருகினம். நீங்கள் ஒண்டுக்கும் வாறேல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அது முழுக்க உண்மையில்லை. பள்ளிக்கூட விழாக்களுக்கு அவர் வந்திருக்கிறார், கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். நான் மூன்றை வெட்டி இரண்டு என்று எழுதினேன்.

ஒரு கிழமை கழித்து, அவரோடு வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவர் வேறு விசயமாகத் தொலைபேசியில் பேசினார். பேச்சுவாக்கில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். "அண்டைக்கு எங்களுக்கு லீவு அக்கா. அண்ணைதான் கேட்டு வேலை எடுத்தவர்" என்றார். தான் சொன்னது எனக்குப் புதிது என்று உடனே விளங்கியிருக்க வேண்டும். அவசரமாக வேறு கதைக்கு மாறினார்.

அன்று நான் யன்னல் சீலைகளைத் தோய்த்துப் போட்டிருந்தேன். கணவர் கதிரையில் ஏறி நின்று, ஈரத்தோடேயே அவற்றைக் கொழுவிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று சீலையின் மற்ற நுனியைப் பிடித்தபடி கேட்டேன்.

"அந்தச் சனிக்கிழமை வேலை நீங்களாக் கேட்டு எடுத்ததாம்."

அவர் கொழுவுவதை நிறுத்தவில்லை.

"பிள்ளையோடை ஒரு நாள் போறதுக்கு உங்களுக்கு என்ன வருத்தம்?"

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. சின்னச் சிரிப்பில்லை. சீலையின் நுனியைக் கைவிட்டுவிட்டுச் சிரித்தேன். யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது எனக்கு அப்போது சோறு தின்னத் தெரியாது என்பது போலிருந்தது. நானே எட்டு வயதில் பாருக்கு அடியால் கால் விட்டு ஓடியவள். ஐந்து மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கரியரில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போனவள்.

"பகிடி விடாதையுங்கோ" என்றேன்.

"பகிடி இல்லையப்பா."

கதிரையை விட்டு இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணித்தியாலம் கழித்து மழையில் நனைந்து வந்தார். சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். மூன்று நாள் எங்களுக்குள் உப்பு, புளி, பிள்ளையின் பள்ளிக்கூடம் தவிர வேறு பேச்சு இல்லை.

அந்த மூன்று நாளும் நான் பின்னோக்கி யோசித்துப் பார்த்தேன். கலியாணம் கட்டிப் பதினொரு வருடம். நான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் எங்கும் நடந்தே போவார், இல்லையென்றால் ட்ராமில் போவார். தொழிற்சாலைக்கு முக்கால் மணித்தியால நடை. மகளுக்கு ஐந்து வயதில் சைக்கிள் பழக்கியது நான். அன்றைக்கு அவர் பூங்கா வாங்கிலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதில் எதுவும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

நாலாம் நாள், மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் குசினி மேசையடியில் வந்து அமர்ந்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை செத்தது அக்சிடென்ற் எண்டு உமக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது பத்தொன்பது வயது அண்ணன் இறந்தது தெரியும். லொறி என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கிண்டியதில்லை.

"சைக்கிளிலை போகேக்கை. அண்டைக்கு நானும் வாறன் எண்டு அழுதனான். அம்மா விடேல்லை. பிறகு அம்மா எங்கடை வளவுக்குள்ளை சைக்கிள் வரக்கூடாது எண்டிட்டா. ஆர் வந்தாலும் வெளியிலை விட்டிட்டுத்தான் வரவேணும். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போனனான். பெடியள் கேட்டால் நெஞ்சு வருத்தம், டொக்டர் ஓட வேண்டாமெண்டவர் எண்டு சொல்லுவன். ஒருநாள் ஒருத்தன் சும்மா ஏறிப் பாரடா எண்டு இழுத்து ஏத்தி விட்டான். விழுந்தன். எல்லாரும் சிரிச்சாங்கள்."

மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"நீரும் அப்பிடித்தான் சிரிச்சனீர்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் இருக்கவில்லை. தமிழில் அதற்கு எந்தச் சொல்லைப் பாவிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "நான் சிரிச்சது பிழை" என்றேன். அவர் தலையாட்டினார். வெங்காயத்தால் கண் எரிந்தது. அது அன்றைக்கு வசதியாகவும் இருந்தது.

பழகுவது என்ற கதையை நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார். "நாப்பது வயசிலை ஏலுமோ?"

"ஏன் ஏலாது?" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம்தான்.

கீழ் வீட்டில் இருந்த வயதான ஜேர்மன் அம்மாவுக்கு இடுப்பில் ஒப்பரேசன் நடந்து இரண்டு வருடமாகச் சைக்கிள் ஓடுவதில்லை. அவருடைய சைக்கிள் கட்டடத்தின் அடியிலிருந்த கெல்லரில் சும்மா நின்றது. நடுவில் பார் இல்லாத, பெண்கள் ஓடும் சைக்கிள். முன்னால் ஒரு கம்பிக்கூடை. கேட்டவுடன் திறப்பைத் தந்தார். "காற்று அடிக்க வேண்டும், பிறேக் நல்லது" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலைகளில் எங்கள் பகுதிப் பல்பொருள் கடையின் கார் நிறுத்துமிடம் வெறுமையாகக் கிடக்கும். மகள் ஏழு மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி பார்க்கத் தொலைக்காட்சிக்கு முன் இருந்தால் ஒன்பது மணிவரை அசையமாட்டாள். நாங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். கடையின் ஓரத்தில் மஞ்சள் பூப் பற்றைகள் இலையே இல்லாமல் பூத்துக் கிடந்தன. கை விறைக்கும் குளிர்.

ஊரில் பழக்குகிறமாதிரி நான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"விடாதையும்! பிடியும்!"

"பிடிச்சுக்கொண்டுதான் வாறன். நீங்கள் உழக்குங்கோ."

பத்து அடி போனதும் சைக்கிள் சரிந்தது. அவரோடு நானும் விழுந்தேன். எட்டு வயதுப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி ஒரு முழு ஆம்பிளையைப் பிடிக்க முடியாது. இரண்டாம் முறையும் விழுந்தோம். அவருடைய காற்சட்டை முழங்காலில் கிழிந்தது. வீட்டுக்குப் போவோம் என்றார். போனோம். பாண் வாங்க மறந்துவிட்டோம். மகள் கேட்டதற்குக் கடை பூட்டு என்றேன்.

அடுத்த கிழமை முழுக்க, அலுவலகத் தரையைத் துடைக்கும்போதெல்லாம் இதையே யோசித்தேன். அவருக்குப் பயம் விழுவதில் இல்லை, கால் நிலத்தை விட்டுப் போவதில்தான் என்று எனக்குப் பட்டது. அடுத்த ஞாயிறு ஸ்பானரை எடுத்துச் சென்று சீற்றை முடிந்தமட்டும் கீழே இறக்கினேன்.

"பெடலை மறந்திடுங்கோ. இரண்டு காலாலையும் நிலத்தைத் தள்ளிக்கொண்டு வாங்கோ, நடக்கிற மாதிரி."

நெடிய மனிதர், பெண்கள் சைக்கிளில் குந்திக்கொண்டு, கம்பிக்கூடைக்குப் பின்னால், தாரா வாத்து நடப்பது போல வந்தார். நான் என் கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவிடவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

"சிரியும்" என்றார். "இப்ப சிரிக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது. தள்ளுவண்டிகள் நிறுத்தும் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். பத்து நிமிடத்தில் வெயில் வந்தது. ஈரத் தார் முழுக்க வெள்ளை மணிகள். அவர் மறுபடி ஏறினார். கடை வாசலிலிருந்து தெருப்பக்கம் தரை கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஏழெட்டு மீற்றர் தூரம் தானாகவே உருண்டு போனார்.

நாலாவது ஞாயிறு பெடலை உழக்கினார். திரும்ப முடியாது. கடைச் சுவர்வரை போய், இறங்கி, சைக்கிளைக் கையால் திருப்பி, மறுபடி ஏறி வருவார். அந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் சொல்லிச் சனிக்கிழமை வேலையை விட்டுக்கொடுத்தார். நான் மகளின் ஆசிரியைக்கு, இரண்டு இல்லை மூன்று என்று துண்டெழுதி அனுப்பினேன். மகள் சந்தோசத்தில் குதித்தாள். "அப்பாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, கவனமாத்தான் ஓடுவார்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவள் தன்னுடைய பரீட்சையில், இடப்பக்கம் திரும்பும்போது கை காட்ட மறந்து ஒரு பிழை விட்டு, சித்தியடைந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். கால்வாய்க்கரையில் பதினைந்து குடும்பங்கள். எங்கும் பச்சை, எல்லாம் ஒரே கிழமைக்குள் வந்த பச்சை. என் கணவர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். யாராவது திரும்பி வணக்கம் சொன்னால் வாயால் மட்டும் பதில் சொன்னார். கையை எடுக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. நான் என் சைக்கிளில் அவருக்குப் பக்கத்தில் ஓடினேன்.

முன்னால் தோழிகளோடு போய்க்கொண்டிருந்த மகள் ஒரு இடத்தில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தாள். சிறிது தூரம் அவரைப் பார்த்தபடியே வந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காமல் இருக்குமா?

"அப்பா, சில்லைப் பாக்காதையுங்கோ. தூரத்திலை பாருங்கோ. பொலிஸ்காரர் அப்பிடித்தான் சொன்னவர்" என்றாள் மெதுவாக.

"ஓம் பிள்ளை" என்றார்.

பாலத்தடியில் எதிரே ஒரு நாய் வந்தது. அவர் பிறேக்கை இறுக்கிப் பிடித்து, ஆடி, நேரே, பட்டால் கடிக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் போனார். முன்னால் போனவர்கள் நின்று ஓடி வந்தார்கள். ஒருவர் தூக்கிவிட்டார், ஒரு தாய் தன் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்தார். பள்ளிக்கூடப் பெடியள் சிரித்த நாள்போல அவர் கூட்டத்துக்கு நடுவே நின்றார். ஆனால் அவர் கையைச் சொறிந்துகொண்டு, ஜேர்மன் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் சைக்கிள் பழகி ஒரு மாதம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பிளாஸ்டர் தந்த பெண், தன் கணவருக்கு இன்னும் நீந்தத் தெரியாது என்றார். அந்தக் கணவர், அதை இங்கே சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்.

அன்று பின்னேரம் மகள் குளித்து, தலை துவட்டாமல் வந்து சோபாவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏன் சின்ன வயதில் பழகவில்லை என்று கேட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னார். உனக்கு ஒரு பெரியப்பா இருந்தவர், என்று தொடங்கினார்.

"பெரியப்பா நல்லா ஓடுவாரோ?"

"இரண்டு கையையும் விட்டிட்டு ஓடுவார். சந்தைக்குப் போனால் ஒரு கையிலை மீன், மற்றக் கையிலை குடை. என்னை முன் பாரிலை வைச்சுக்கொண்டு விசிலடிச்சுக்கொண்டு போவார். விசிலுக்கேற்ற மாதிரிச் சைக்கிள் ஆடும். நான் மணியைப் பிடிச்சு அடிச்சுக்கொண்டே இருப்பன். அடியாதை எண்டு தலையிலை ஒரு குட்டுப் போடுவார்."

அவர் கைகளை விரித்து, அண்ணன் எப்படி ஓடினார் என்று இருந்தபடியே காட்டினார். மகள் இன்னும் இன்னும் கேட்டாள். அவருக்கு என்ன பிடிக்கும், என்ன படித்தார், கோபக்காரரா? என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியக்கூடியவை. ஆனாலும் நிறைய இருந்தது. நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் காலை அவருக்கு வேலை. சைக்கிள் உழக்கியதில் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு கால்களை மடக்க முடியவில்லை. படிக்கட்டுக் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி, மூன்று மாடியையும் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.