காண்டாக் கம்பில் நடை பழக்கிய சிவகாமி டீச்சர்

ஈப்போ சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பத்து காஜா ஊர் மருத்துவமனையில் சிவகாமி டீச்சர் இறந்துவிட்டார் என்று என் மகள் தேவி போனில் அழுதாள். மீனை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல தேவி எழுதுகிறாள். டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு, நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

டீச்சர் சாந்தமானவர் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார். சுத்தப் பொய். நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு நாங்கள் குடிவந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் அவர் பாலர் பள்ளி நடத்தினார். அவர் போடும் சத்தம் எட்டாவது மாடிவரை கேட்கும். ஒரு தாய் மளிகைக் கடையில் சிவப்புப் பிடி போட்ட ரோத்தான் வாங்கிவந்து, எழுதாவிட்டால் வெளுத்துவிடுங்கள் என்று கொடுத்தாள். டீச்சர் அந்தப் பிரம்பை வளைத்து வட்டமாகக் கட்டி ஆணியில் மாட்டினார். பிள்ளைகள் அதற்குள் பந்தெறிந்தார்கள். “புள்ளைய அடிக்கக் குடுத்தீங்க. நான் புள்ளைக்கே குடுத்துட்டேன். போய் வேலையப் பாருங்கலா,” என்றார்.

தேவியின் மகன் கவினுக்கு அப்போது ஐந்து வயது. அவள் ஃபேக்டரிக்குப் போவாள், அவள் புருஷன் சேகர் லாரி ஓட்டினான். பையன் எட்டாவது மாடியில் கைப்பேசியோடு உட்கார்ந்தே வளர்ந்தான். படியில் இறங்கினால் விழுவான், பென்சில் விரலில் நிற்காது. எழுத வரவில்லை என்று சேகர் அவன் விரல் முட்டியிலேயே அடிப்பான். வீங்கிய கையோடு பிள்ளை வந்த அன்று டீச்சர் பென்சிலை எடுத்து ஒளித்துவைத்தார். ஈரத் துணி பிழி, சப்பாத்தி மாவு பிசை, ரப்பர் கொட்டையைப் பொறுக்கிப் பால் டின்னில் போடு என்று விளையாட விட்டார். “எழுத்து விரல்ல இல்லண்ணே. தோள்ல ஆரம்பிக்குது. அது கெட்டியானா விரல் தானா வரும்,” என்று என்னிடம் சொன்னார்.

பிறகு ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் தண்ணீர் டின் தொங்கவிட்டு, தோளில் வைத்து, பலகை மேல் நடக்கச் சொன்னார். நாங்கள் ரப்பர் பால் வாளி சுமந்த காண்டாக் கம்பு மாதிரியே. தண்ணீர் சிந்தாமல் வந்தவனுக்குக் கைதட்டு. கவின் நடந்துகொண்டிருந்தபோதுதான் சேகர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையில் ஹெல்மெட்டோடு வந்தான்.

சேகரின் அம்மா காண்டாக் கம்பு தூக்கித் தோள் காய்த்துப்போய்ச் செத்தவள். மகன் தோளில் கழியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் இருண்டுவிட்டது. டின்களை உதைத்தான். கழியைப் பிடுங்கிப் பையனின் முதுகிலேயே போட்டான்.

“எங்கம்மா பால் தூக்கினது பத்தாதா? என் மவனையும் கூலியாக்கப் பாக்குறியா?”

குறுக்கே விழுந்த டீச்சரின் நெற்றியில் ஹெல்மெட்டால் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் கீழே விழவில்லை. கழி பிடித்த அவன் மணிக்கட்டைக் கடித்தார். அவன் அலறி விடும்வரை பல்லை எடுக்கவில்லை. நான் ஓடிப்போய் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினேன். வாயெல்லாம் ரத்தத்தோடு டீச்சர் சொன்னார்: “கூலியாக்கலடா. ஒம் புள்ளைக்கு நேரா நிக்கத் தெரியல. நிக்கக் கத்துக் குடுக்குறேன்.”

நெற்றியில் தையல் போட்ட கையோடு போலீசில் புகார் கொடுத்தார். குடும்பம் சிதறிவிடும், வாபஸ் வாங்குங்கள் என்று தேவி அவர் காலில் விழுந்தாள். (இந்த இடத்தில் தேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்றேன்.) டீச்சர் அசையவில்லை. “என்னை அடிச்சதுக்கு இல்லடி. அந்தக் கழி மொதல்ல யாரு மேல விழுந்திச்சு?” சேகர் சில மாதம் உள்ளே இருந்தான். சண்டைக்காரி என்று பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் மிச்சம் இருந்தவர்களை மரமேற விட்டார். தேவியும் கவினும் என்னோடு வந்துவிட்டார்கள்; அடுக்குமாடியை விட்டு, வேலி போட்ட ஒரு தரைவீட்டுக்கு மாறினோம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, சேகர் திருந்திவிட்டானாம், மகனைக் கேட்கிறான் என்றேன். மூச்சு வாங்கியபடியே சொன்னார்: “வாய் பேசுறத நம்பாதீங்கண்ணே. புள்ளையோட வெளையாட விடுங்க. தோத்துப் போறப்ப கை எங்க போகுதுன்னு பாருங்க.”

டீச்சரின் காரியம் முடிந்த மறுநாள் சேகர் ஆப்பிளும் புதுச் சட்டையுமாக வந்து நின்றான். பையனைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றான். தேவி என் முகத்தைப் பார்த்தாள். முதலில் மகனோடு கோலி ஆடு என்று சேகரிடம் சொன்னேன். வாசல் மண்ணில் குழி தோண்டி உட்கார்ந்தார்கள். எட்டு வயதாகிவிட்ட கவினின் விரல் இப்போது வில் மாதிரி. அப்பனின் கோலிகளை ஒவ்வொன்றாகச் சிதறடித்தான். சேகர் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. மிச்சமிருந்த கோலியும் போனபோது, “அப்பாவுக்கு ஆடத் தெரியல,” என்று பையன் சும்மா சொன்னான்.

கை மேலே போயிற்று.

அது இறங்குவதற்குள் கவின் குனிந்து, அக்குளுக்கு அடியில் புகுந்து, வேலியைக் கையூன்றித் தாண்டி, தெருமுனைக்கு ஓடிவிட்டான். ஓங்கிய கை வெறும் காற்றில் நின்றது. தேவி ஓடிப்போய்ப் பையனைக் கூட்டிவந்தாள்; நான் ஆப்பிளை எடுத்துச் சேகரின் கையிலேயே கொடுத்து, அவனை வெளியே அனுப்பி, கேட்டைப் பூட்டினேன்.

டீச்சரின் போட்டோகூட என்னிடம் இல்லை. படியிறங்கத் தெரியாமல் விழுந்த பிள்ளை வேலி தாண்டி ஓடிய அந்த ஓட்டம்தான், அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.