குடும்ப வீட்டு விலாசம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பாறசாலையில், ஆதாரம் என்னும் நிலப் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்ப்பவள் நான். உயில் எழுதாமல் கணவர் இறந்துபோனால் மனைவி என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று சொல்வது பல வருடங்களாக என் வேலை. முதலில் மரணச் சான்று, அடுத்து அவகாசிகளான வாரிசுகள் யார் என்று தாலூக்கில் தரும் சான்று. அதன்பின் போக்குவரவு, அதாவது நிலத்தை வாரிசுகள் பேருக்கு மாற்றுவது. கடைசியில் அவர்கள் பேரில் கரம் அடைத்த, நிலவரி கட்டிய ரசீது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதெல்லாம் என் சொந்த வீட்டில் எப்படி நடந்தது என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

1. உள்ளறையில் இருத்தினார்கள்

என் கணவர் லாரி ஓட்டினார். களியக்காவிளையைத் தாண்டி லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, தமிழ்நாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். நாங்கள் குடியிருந்தது கேரளத்தில், வெள்ளறடைக்குப் போகும் வழியில். அவருடைய குடும்ப வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். இங்கே பலருக்கும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் இறந்தவரைக் குடும்ப வீட்டு நிலத்தில்தான் எரிப்பார்கள். அவரையும் அங்கே கொண்டுபோனார்கள்.

பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் முடியும்வரை நான் வெளியே இறங்கக் கூடாது என்று உள்ளறையில் இருத்தினார்கள். மரணத்தைப் பதிவு செய்ய நானே போகிறேன் என்று எழுந்தேன். கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"மைனி, ஆம்பிளைய நாங்க இருக்கும்போ நீங்க ஆபீசு ஏறப்பிடாது. ஊருக்காரன் எங்க மூஞ்சில துப்புவான். எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டான். இறந்தவருடைய விலாசம் கேட்ட இடத்தில் குடும்ப வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அவன் ஏமாற்றவில்லை. பிறந்ததும் எரிந்ததும் எங்கேயோ அதுதான் ஒருவனுடைய விலாசம் என்பது அவன் எண்ணம். நாங்கள் கட்டி, குடியிருந்து, மகளை வளர்த்த வீடு அவனுக்கு விலாசமாகத் தெரியவில்லை. ஆதாரம் எழுதுகிற நான் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

2. அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வீடும் அதைச் சுற்றிய ரப்பர் நிலமும் அவர் பேரில் மட்டும் இருந்தன. அதை ஈடு வைத்துத்தான் பீஸ் கட்ட வேண்டும். பாங்கில் எங்கள் பேரில் கரம் ரசீது கேட்டார்கள். அட்மிஷன் முடிவதற்குள் போக்குவரவு முடியவில்லை என்றால் சீட் போய்விடும்.

அவகாசிச் சான்றுக்காகப் போனபோது வில்லேஜ் ஆபீசர் மரணச் சான்றில் இருந்த விலாசத்தைப் பார்த்த உடனே அதைத் தள்ளிவைத்தார். "சேச்சி, ஆளு தமிழ்நாட்டுக்காரனல்லே? அவிடத்தெ தாலூக்கில் போய் வாங்ஙு."

ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, அவர் வருடந்தோறும் இதே ஆபீசில் கரம் அடைத்த ரசீதுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் தொடவில்லை. அந்தப் பக்கத் தாலூக்கில், கேரளத்தில் ரேஷன் வாங்கிய ஆளுக்கு நாங்கள் எப்படிச் சான்று தருவது என்று கேட்டார்கள். இங்கே மலையாளத்தில் விரட்டினார்கள், அங்கே தமிழில். இரண்டு ஆபீஸையும் நம்பினால், என் கணவர் எந்த மாநிலத்திலும் வாழவில்லை.

மரணச் சான்றில் விலாசத்தைத் திருத்த, பதிவு கொடுத்தவன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாறேன், வாறேன் என்று இழுத்தடித்த கொழுந்தன் கடைசியில் உள்ளதைச் சொன்னான்.

"அண்ணனுக்க பேர குடும்ப வீட்டுலேருந்து வெட்டச் சொல்லுதியளா? செத்த பெறவு அவன அனாதையாக்கணுமா? என்னக் கொண்டு ஆவாது மைனி."

சொத்து ஆசை என்றால் வக்கீலைப் பார்த்திருப்பேன். இவன் அண்ணன்மேல் உள்ள பாசத்தில் அண்ணன் மகளை நடுத்தெருவில் நிறுத்தினான். மகள் அவன் முகத்துக்கு நேரே, "சித்தப்பா, அப்பா எங்க வீடு வச்சு தாமசிச்சாருன்னு எனக்கிட்ட கேளுங்க, நான் சொல்லுதேன்" என்றாள். அப்போதும் அவன் கையெழுத்துப் போடவில்லை.

3. தங்கையன் அண்ணன்

எங்கள் தொழிலில் கற்ற ஒன்று அப்போது உதவியது. வாயால் முடியாது என்பவர்கள் அதை எழுதித் தர அஞ்சுவார்கள். குடியிருந்த இடத்தில் நேரில் விசாரியுங்கள், முடியாது என்றால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று மனு கொடுத்தேன். இழுத்து இழுத்து ஒருநாள் ஆபீசரே வந்தார். வந்தவர் நேரே அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு உயிர் போயிற்று. அந்த வீட்டுத் தங்கையன் அண்ணனுக்கும் என் கணவருக்கும் இரண்டு வீட்டு எல்லையில் நிற்கும் பிலா என்னும் பலாமரத்தால் தீராத பகை. அவரிடம் மட்டும் நான் உதவி கேட்டிருக்கவில்லை.

இந்த ஆள் இங்கேதான் குடியிருந்தாரா என்று ஆபீசர் கேட்டார்.

"இங்க தாமசிக்கலன்னா எனக்க பிலாவுல சக்க வெட்டினது பேயா சாறே? நாங்க ரெண்டுபேரும் தள்ளைக்கு விளிச்சு ஏசாத நாளு உண்டா? தமிழ்நாட்டுல இருக்கப்பட்டவன் காலத்தே எழும்பி வண்டி புடிச்சு வந்து எனக்கிட்ட சண்ட போடுவானா? எங்க வேணும் சொல்லும், ஒப்பு போடுதேன்."

போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, பிலாமரத்துக் காரியம் தனி, அதை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று ஆபீசர் சொன்னார், வேறு யாரோ அவரைத் தடுத்ததுபோல.

சான்றுக்கு முன் அவகாசிகள் பேர் கெசட்டில் வர வேண்டும், ஆட்சேபம் உண்டா என்று காத்திருக்க வேண்டும். பிறகு போக்குவரவு. எங்கள் இருவர் பேரிலும் கரம் அடைத்த ரசீது கைக்கு வந்தபோது அட்மிஷன் முடிந்திருந்தது. மகள் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அடுத்த வருடம் சீட் கிடைக்குமா என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ரசீதை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சோறு எடுத்து வையும்மா, பஸ்சுக்கு நேரமாச்சு" என்றாள்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கணவரை இழந்தவள் உங்கள் மேசைக்கு வந்தால் காகிதப் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். மரணத்தைப் பதிவு செய்தது யார், எந்த விலாசம் கொடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். இன்னும் பதிவு ஆகவில்லை என்றால் அவளையே போகச் சொல்லுங்கள். அடியந்திரம் காத்திருக்கும், ஊர் பேசிவிட்டுப் போகும். அழுகை நிற்கட்டும் என்று இருக்க வேண்டாம். அழுதுகொண்டே போகச் சொல்லுங்கள்.