மோர்மிளகாய் வைத்த பொதி

பாரிஸில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நாற்பது தாண்டிய தமிழ் ஆம்பிளை யாரைக் கண்டாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, சண்டைக்க நிண்டனீங்களோ? மோர்மிளகாய் வைச்ச சோத்துப் பொதி வந்ததோ?" என்று கேட்டுவிடுவேன். கூட வரும் மகளுக்கு மானம் போகும். போகட்டும். காணாமல் போனவன் அவளுக்குத் தம்பி, எனக்குப் பிள்ளை.

சண்டைக் காலத்தில் வன்னியில் எங்கள் ஊர்ப் பெண்கள் வயலையும் மாட்டையும் பார்த்துவிட்டு வாசிகசாலை முற்றத்தில் கூடிப் போராளிகளின் காவலரண்களுக்குச் சமைத்தோம். கூலி இல்லை, கேட்கவும் இல்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய். பொதி கட்டி முடிய இடுப்பு விட்டுப்போகும். எந்தப் பொதி யார் கைக்குப் போகும் என்று ஒருத்திக்கும் தெரியாது. என் மகன் அங்கேதான் எங்கேயோ நின்றான். அதனால் நான் கட்டும் ஒவ்வொரு பொதியிலும் வீட்டில் பொரித்த மோர்மிளகாய் ஒன்றைச் சோற்றுக்குள் ஒளித்து வைத்தேன். அது இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. கண்டால் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று விளங்கும்தானே. கடைசியில் ஊரிலேயே எண்ணெய் தீர்ந்துபோனது. பொரிக்க வழியில்லை. வெறும் சோறும் பருப்பும் போயின.

போன கிழமை ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையில் பார்சல் கட்டியவரிடமும் கேட்டேன். மகள் கையைக் கிள்ளினாள். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் அம்மா. எங்களோட ஒருத்தன் நிண்டவன். மிளகாய் இருக்கிற பொதிக்கு எல்லாரோடையும் அடிபடுவான். அம்மா கட்டினது எண்டு சொல்லுவான். முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும்."

பூவரசிலிருந்து விழுந்து உடைத்த பல். என் பிள்ளைதான். இத்தனை வருடத்தில் அப்படியொரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

"எங்கையப்பு அவன்?"

"ஒருநாள் வந்த பொதி எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தான். ஒண்டிலயும் மிளகாய் இல்லை. அம்மாவுக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு அழுதவன். விடியப் பாத்தா ஆளில்லை. உங்களைத் தேடித்தான் வெளிக்கிட்டவன். அந்தப் பாதை முழுக்க ஷெல் விழுந்துகொண்டிருந்தது அம்மா."

மகள் "வாங்கோ அம்மா" என்று இழுத்தாள். நான் அவள் கையை விலக்கினேன்.

"எண்ணெய்தான் தம்பி முடிஞ்சது," என்று அவரிடம் சொன்னேன். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."