அம்மா வரைந்த தனி வீடு

தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்த காலம். ஒரே சுவரில் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சில வருஷம் கழித்து ஏழாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அந்தப் பயம் மட்டும் நிற்கவில்லை.

ஃபேக்டரி மூடிக் கிடந்த அந்த நாட்களில்தான் ஓவிய வரலாறு படிக்கும் ஓர் அக்கா சென்னையிலிருந்து எங்கள் நெல்லியாளம் பக்கம் வந்தார். போர், கலவரத்துக்குப் பிறகு பெண்கள் தங்கள் வீட்டை எப்படி வரைகிறார்கள் என்று ஆராய்ச்சியாம். அம்மாவைப் போலக் கலவரத்தில் சிலோனை விட்டு வந்த தோட்டத்துப் பெண்களுக்குத் தாளும் கரித்துண்டும் கொடுத்தார்.

"ஆம்பளைங்க வரைஞ்சா முதல்ல வாசல் வருது, பொம்பளைங்க வரைஞ்சா அடுப்பு வருது. அதத்தான் பார்க்கிறேன்" என்றார்.

"அடுப்பு இருக்கிற எடம் எங்களுக்கும் தெரியும்மா, சாப்புடுற நேரத்துக்கு" என்றார் அப்பா.

மற்றவர்கள் சிலோனில் விட்டுவந்த லயத்தை, அதாவது அங்கத்து லைன் வீட்டை, வரைந்தார்கள். அம்மா வரைந்ததோ தனி வீடு. எந்தப் பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டவில்லை.

அப்பா பதறிப்போனார். சொந்த வீடு இருப்பவர்களுக்கு லைன் வீடு கிடையாது என்பது எஸ்டேட் வழக்கம்; வீடு கொடுப்பதும் பிடுங்குவதும் மேனேஜர் துரை. "தொர பாத்தா நமக்கு எங்கயோ வீடு இருக்குன்னு நெனச்சுருவாரு. பக்கத்துல ரெண்டு வீட்டை ஒட்டி வச்சிரு."

"இதையும் லயமாக்கணுமா? போய் வேலயப் பாருங்க."

எனக்கு வேறு கவலை. ஒட்டிக்கொள்ள வீடு இல்லாமல் சுவர் எப்படி நிற்கும்? எங்கள் லைனில் தனியாக நின்றவை கோழிக்கூடும் கக்கூஸும்தான். இரண்டும் போன மழையில் சாய்ந்திருந்தன. அம்மா கை கழுவப் போனதும், அந்த வீட்டுக்கு இரு பக்கமும் சாய்வாக முட்டுக்கட்டை வரைந்துவிட்டேன்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "சிலோன்ல எங்க இருந்த வீடு இது?"

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. இனித்தான் கட்டணும்" என்றாள் அம்மா.

"பக்கத்துல இது என்ன கட்டை?"

அம்மா அப்போதுதான் கவனித்தாள். அடி விழும் என்று முதுகை வளைத்தேன்.

"எங்க மக வேல. வீடு விழுந்துருமுன்னு முட்டுக் குடுத்திருக்கா" என்று சிரித்தாள். "அழிக்கவா?" என்றேன். "இருக்கட்டும், தாங்கும்" என்றாள்.

"தொரகிட்ட காட்ட மாட்டீங்களே?" என்றார் அப்பா.

"அய்யோ, காட்ட மாட்டேன் அண்ணா."

மறுநாளிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வரும்போதெல்லாம் அம்மா கூடையின் அடியில் ஒரு கல் வந்தது. தட்டையான நல்ல கற்கள். லைனுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டே போனாள். துணி துவைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை கல்லில் துவைக்க எங்களிடம் ஏது துணி என்று எனக்கு உறைக்கவே இல்லை.