தப்புத் தொட்டியில் ஒரு கிளாஸ்

என் டீயைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் டீ போடுகிறவனுக்குத் தெரிந்த அளவுக்கு ஒரு தொழிற்சாலையைப் பற்றி அதன் மேனேஜருக்குக்கூடத் தெரியாது. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவனை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. அதனால் அவன் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். எங்கள் கேன்டீனில் கிளாஸ் கழுவிய தங்கச்சியின் கதை எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வாய்க்கு வாய் "மாஸ்டரண்ணே" என்று கூப்பிடுகிறவளை வேறு என்னவென்று சொல்வது? புருஷன் செத்துப்போய், அண்ணன் வீட்டில் வந்து இருந்தவள். அண்ணி கெட்டவள் இல்லை. "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை மூலையில் உட்கார வைக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். வீட்டில் அடங்கிப்போன வாய் கேன்டீனிலும் அடங்கியே இருந்தது.

எங்களுடையது தண்ணீர் பம்ப்புகள் தயாரிக்கிற தொழிற்சாலை. ஆள்கள் டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கண்ட இடத்தில் வைத்துவிடுவார்கள். லேத் மேலே, ஜன்னல் விளிம்பில், எண்ணெய் டின்னுக்குப் பின்னால். ஒரு தடவை ஒரு கிளாஸ் பம்ப்போடு சேர்ந்து பெட்டிக்குள் பேக் ஆகி வெளியூருக்கே போய்விட்டது. சூப்பர்வைசர் அதற்கும் தங்கச்சியைத்தான் திட்டினார். ஷெட் முழுக்கக் குனிந்து குனிந்து கிளாஸ் பொறுக்குவதே அவளுக்கு வேலை.

ஒரு நாள் காலை வந்து பார்க்கிறேன், குழாயடியில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் 'சரி' என்றும் இன்னொன்றில் 'தப்பு' என்றும் எழுதியிருந்தது. என் விலைப்பட்டியல் போர்டை யாரோ சுத்தமாக அழித்துவிட்டு, 'தீக்கோழி பயந்தால் தலையை மணலில் புதைத்துக்கொள்ளும். சரியா, தப்பா?' என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாரைக் கேட்டு அழிச்சே?"

"ஒரே ஒரு நாள் பாருங்க மாஸ்டரண்ணே," என்றாள். அண்ணன் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் கண்டதாம்.

பார்த்தேன். டீ இடைவேளை முடிவதற்குள் ஒரு கிளாஸ்கூட பாக்கியில்லாமல் தொட்டிக்கு வந்துவிட்டது! கூட்டமாக நின்று தீக்கோழிக்காக அடித்துக்கொண்டார்கள். விடை தப்பு என்று அவள் சொன்னதும் பாதிப் பேர் குதித்தார்கள், மீதிப் பேர் தீக்கோழியைத் திட்டினார்கள். அடுத்த வாரமே ஆள்கள் தாங்களாக ஒரு சட்டம் போட்டார்கள்: தோற்றவன் குழாயடிக்குப் போய் ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் நிரந்தரமாக மாட்டிக்கொண்டவர் எங்கள் ஃபிட்டர். தினமும் தோற்பார். வெல்டர் ஒருவன் அவருக்குத் 'தப்புராசா' என்று பெயரே வைத்துவிட்டான். அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே கல்யாண வயதைக் கடத்திவிட்ட மனிதர். அம்மா போன பிறகு தனியாக ஒரு அறையில் இருந்தார். முணுமுணுக்காமல் குழாயடிக்குப் போவார், தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கிளாஸை, மெஷின் பாகத்தைத் துடைப்பது மாதிரி, விளிம்பு, அடி, உள்பக்கம் என்று கழுவுவார். "தண்ணி இன்னைக்கு ஜில்லுனு இருக்கு," என்பார். அவள் "ஆமா," என்பாள். முடிந்தது பேச்சு.

தங்கச்சிக்கு அவர்மேல் இரக்கம். "பாவம் மாஸ்டரண்ணே, நல்ல மனுஷன். ஒண்ணும் தெரியலையே. எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றாள். அவரை ஒரு நாளாவது ஜெயிக்க வைக்க வேண்டும் என்று, 'சூரியன் கிழக்கில் உதிக்கும்' என்று எழுதிப் போட்டாள். தப்புராசா நிதானமாக வந்தார். போர்டைப் படித்தார். தப்புத் தொட்டியில் கிளாஸைப் போட்டார். ஷெட்டே அதிரச் சிரித்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் பார்த்தேன்.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஆக்டோபஸ் நாளில். 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்' என்பதற்கு அவர் வழக்கம்போல் தப்பில் போட்டுவிட்டு கிளாஸ் கழுவினார். மத்தியானம் ஒரு மெஷின் நின்றுவிட்டதென்று அதைச் சரிசெய்கிறவர்கள் இருக்கும் இடத்துக்கே டீ கொண்டுபோனேன். எலக்ட்ரீஷியனிடம் மனிதர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ரெண்டு இதயம் செவுளுக்கு ரத்தம் தள்ளும், ஒண்ணு மத்த உடம்புக்கு. நம்ம பம்ப் மாதிரிதான்."

எலக்ட்ரீஷியன் நகர்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, தெரிஞ்சுக்கிட்டேதான் தோக்குறியா?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "தோத்தாத்தான் மாஸ்டர் குழாய்கிட்ட போக முடியும். அவங்ககிட்ட நாலு வார்த்தை பேசலாம்னு."

"பேசினியா?"

"தண்ணி ஜில்லுனு இருக்குன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை தன்னைத்தானே கெடுத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவர் இன்னொன்றும் சொன்னார். கம்பெனி வேறு ஊரில் புது ஷெட் போடுகிறது. இவரை அங்கேயே மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

"அதுக்குள்ள சொல்லிடு," என்றேன்.

"அவங்களுக்கு நான் ஒரு முட்டாள்னுதானே தெரியும்," என்றார். "முட்டாளைப் பார்த்து யாரு சரின்னு சொல்லுவா?"

தங்கச்சியிடம் நானே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் ஒருத்தர் மனசில் இருப்பதை இன்னொருத்தர் வாயால் சொன்னால் அது கோள்மூட்டல் ஆகிவிடும். வாயை இறுக்கிக்கொண்டு டீயைக் கலக்கினேன். அந்த வாரம் டீ எல்லாம் கசப்பு என்று புகார் வந்தது.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. அண்ணன் மகளின் புத்தகமும் தீர்ந்துபோனது. தங்கச்சி தான் கேள்விப்பட்டதை எழுத ஆரம்பித்தாள். அன்றைக்குப் போர்டில், 'ஒட்டகம் தன் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.'

ஃபிட்டர் வந்தார். படித்தார். சரித் தொட்டியில் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

தங்கச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "விடை சரி! ஃபிட்டர் சார் ஜெயிச்சுட்டாரு!" என்று கத்தியே விட்டாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஷெட் கை தட்டியது. "தப்புராசா, போய் ரெஸ்ட் எடுங்க. இன்னைக்கு உங்களுக்குக் குழாய் கிடையாது," என்றான் வெல்டர்.

ஃபிட்டர் நடுவழியில் நின்றுவிட்டார். கிளம்ப இன்னும் ஒரு வாரம்தான். அதில் ஒரு நாள் கையைவிட்டுப் போகிறது. அத்தனை காலம் எதற்கும் வாய் திறக்காத மனிதர் திடீரென்று, "இல்ல! அது தப்பு. திமில்ல தண்ணி கிடையாது, கொழுப்பு!" என்றார்.

"யாருக்குக் கொழுப்பு?" என்றான் வெல்டர்.

யாரும் சிரிப்பதற்குள் தங்கச்சி கேட்டாள், "தெரிஞ்சும் ஏன் சரியில போட்டீங்க?"

அவர் குழாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காது மடல் வரை சிவந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஷெட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சூரியன் கிழக்கில் உதிப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவள் அந்த நிமிஷத்தில் மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போர்டு வெறுமையாகக் கிடந்தது. கிளாஸ்கள் பழையபடி லேத் மேல் ஏறின. அவள் குனிந்து பொறுக்கினாள், ஃபிட்டர் இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. விஷயம் எப்படியோ அண்ணி காதுக்குப் போய், வீட்டில் அந்தப் பழைய வாக்கியம் நாள் முழுக்க ஓடுவதாகத் தங்கச்சி சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு மாஸ்டரண்ணே," என்றாள். "ஆனா அவரு போயிடுவாருன்னு நினைச்சா அதைவிடப் பயமா இருக்கு."

நான் சர்க்கரை டப்பாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, "சாக்பீஸ் இருக்கா?" என்று வந்து நின்றாள்.

போர்டில் எழுதினாள்: 'தினமும் தோற்கிறவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சரியா, தப்பா?'

முதலில் வந்து படித்தவர் சூப்பர்வைசர். "இது எந்த ஊர் பொது அறிவு?" என்றார்.

"இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் சார். அப்போ பொது அறிவுதானே?" என்றேன். அவர் மட்டும் ஒன்றும் புரியாமல் ஆபீஸுக்குள் போனார்.

அன்று யாரும் கிளாஸை வைக்கவில்லை. காலி கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஃபிட்டருக்காகக் காத்திருந்தார்கள். அவர் டீயை ஆறவிட்டு, ஆறியதையும் மெதுவாகக் குடித்து, எழுந்து வந்தார். தப்புத் தொட்டியில் கிளாஸை வைத்தார். அது கணீரென்று சத்தம் போட்டது. பின்னாலேயே வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று வரிசையாக அத்தனை பேரும் தப்பிலேயே போட்டார்கள். தொட்டி வழிந்தது.

"விடை, தப்பு," என்றாள் தங்கச்சி. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மணி அடித்தது. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஃபிட்டர் போகவில்லை. குழாயடிக்கு வந்து நின்றார்.

"இன்னைக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்க. கழுவ வேண்டியதில்ல," என்றாள் அவள், தொட்டியைப் பார்த்தபடி.

"சொல்ல இருக்குன்னு ஒத்துக்கிட்டேன். இன்னும் சொல்லலையே."

"சொல்லுங்க."

"தண்ணி..." என்று ஆரம்பித்தார். நான் கவுன்டரில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "என்கூட வந்துடுங்க. உங்க வீட்ல நானே வந்து முறையாக் கேக்குறேன். இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, இந்தக் கிளாஸைக் கழுவி வச்சுட்டுப் போயிடுறேன்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க," என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"பேசட்டும்," என்றாள். "நாலு பேருதானே." வழிகிற தொட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "எல்லாத்தையும் தேய்ங்க. நான் அலசுறேன்."

அவர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர், "ஃபிட்டர் எங்கே? மெஷின் நிக்குது!" என்று கத்திக்கொண்டு வந்தார். நான் பாய்ந்து போய் வழியை மறித்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயை அவர் கையில் திணித்தேன்.

"சார், ஆக்டோபஸுக்கு மூணு இதயம். சரியா, தப்பா? அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."