கோட்டின் மேல் விழுந்த பந்து

அன்று கடையில் ஒரு கல்யாண கோஷ்டிக்குப் பத்தொன்பதாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் கன்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் நின்றார். பட்டு எடுக்க வந்த முகம் இல்லை அது. "எஸ்தர் நர்ஸம்மா போய்ட்டாங்கமா. விடியகாத்தால நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள..." என்றார். கையிலிருந்த புடவையை மடிக்க எனக்கு வரவில்லை. இருபது வருஷமாக மடிக்கிற கை.

எஸ்தரோடு அப்போது எனக்குப் பேச்சு இல்லை. ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. காரணம் ஒரு பந்து. மண்டபத்தில் எங்களோடு பிக்கிள்பால் ஆடிய உங்கள் எல்லோருக்கும் அந்தச் சண்டை தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் எனக்கு எதிர்வீடு. என் வயசுதான், ஆனால் அதட்டுவதில் பத்து வயது மூத்தவள். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, விடாமல் நச்சரித்து ஆட இழுத்துப்போனவள் அவள்தான். பெங்களூரிலிருக்கும் அவள் மகள் நாலு பேட்டும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் பந்துகளும் அனுப்பியிருந்தாள். சின்ன டென்னிஸ் மாதிரியான அந்த ஆட்டத்தை, போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இருவரும் கற்றுக்கொண்டோம். மண்டபத்துக்காரர் கார் நிற்கும் சிமெண்ட் தரையில் பெயின்ட் அடிக்க விடவில்லை. "பெயின்ட் எதுக்கு? கோலமாவு இருக்குது" என்றாள் எஸ்தர். தினமும் காலை ஐந்தரைக்கு வந்து, கயிறு பிடித்து, வலையைச் சுற்றிக் கோடு போடுவாள். முகூர்த்த நாளில் மட்டும் எங்களுக்கு லீவு.

முதல் நாள் நான் கையை ஓங்கி சர்வ் போட்டேன். பந்து மண்டபத்து ஓட்டின் மேல் போய் உட்கார்ந்தது. "இடுப்புக்குக் கீழ இருந்து தள்ளும்மா, எதிர்மூலைக்குப் போவணும்" என்றாள். சரி என்று அடுத்ததை ஒழுங்காகப் போட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்த பந்தை ஆர்வத்தில் அந்தரத்திலேயே அடித்தேன். அதுவும் தப்பாம். "சர்வ் போனா அவங்க பக்கம் ஒரு தபா குதிக்கணும். திரும்பி வந்தா நம்ம பக்கம் ஒரு தபா குதிக்கணும். அப்புறம்தான் அந்தரத்துல அடிக்கலாம். எல போடறதுக்கு முன்னாடியே கைய நீட்டுறியே!" அன்று சிரித்தே எங்களுக்கு வயிறு வலித்தது.

வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழடி இடத்துக்கு கிச்சன் என்று பெயர். குதித்து எழுந்த பந்தை அதற்குள் நின்று அடிக்கலாம், குதிக்காத பந்தை அடிக்கக்கூடாது. அதைக்கூட ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். சர்வ் போடுகிற பக்கத்துக்கு மட்டுமே பாயின்ட் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "நல்லா அடிச்சும் பாயின்ட் இல்லன்னா இது என்ன நியாயம்?" என்று வீடியோவோடு சண்டை போட்டேன். எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் கற்றது இன்னொன்று. நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமேதான் சொல்லவேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளே. சந்தேகமாக இருந்தால் எதிராளிக்கு. ஜோடிக்குள் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே என்றாலும் எதிராளிக்குத்தான். "இதெல்லாம் யார் பாக்கப் போறா?" என்று சிரித்தேன். "யாரும் பாக்கலன்னா நான் ஊசிய மாத்திப் போட்டுடலாமா?" என்றாள் எஸ்தர். அவள் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்தது. மண்டபத்தில் கல்யாணம் இல்லை, காலை முழுக்க எங்களுக்குத்தான். வாலாஜாபாத்திலிருந்து இரண்டு டீச்சர்கள் ஆட வந்தார்கள். ஜெயிக்கிற ஜோடிக்கு எவர்சில்வர் டவரா செட் என்று கன்னியப்பனே வாங்கி வைத்திருந்தார். கடையில் எல்லோரிடமும் டவரா எனக்குத்தான் என்று பீற்றியிருந்தேன். பதினொன்று எடுத்தால் ஜெயம். அவர்கள் பத்து, நானும் எஸ்தரும் ஒன்பது, சர்வ் அவர்களுடையது. நாலைந்து அடி போனபின் ஒரு பந்து என்னைத் தாண்டிப் பின்கோட்டில் விழுந்தது. நான் "வெளியே" என்றேன். எஸ்தர் "உள்ளே" என்றாள். ஆட்டம் முடிந்தது. டீச்சர்களே "பரவால்ல, மறுபடி ஆடலாம்" என்றார்கள். "வேணாங்க, உள்ளதான்" என்று அவள் முடித்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் "ஊசி போடறவளுக்குக் கோடு எங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பேட்டைக் கீழே எறிந்துவிட்டு வந்தேன். அப்புறம் எதிர்வீட்டுக் கதவு திறந்தால் என் கதவை மூடினேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் கணவர் தேவராஜ் ஒரு பையோடு வந்தார். உள்ளே நான் எறிந்த பேட். பிடி கிழிந்த இடத்தில், புண்ணுக்குக் கட்டுப் போடும் வெள்ளை பிளாஸ்திரி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. "போன வாரம் டிவி பாத்துக்கினே சுத்திக்கினு இருந்தாம்மா. எப்படியும் வருவா, வெறும் பிடிய புடிச்சா கை உரிஞ்சிடும்னா" என்றார். அவர் போனபின் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டெல்லாம் அழவில்லை, தெருவுக்குக் கேட்கத்தான் அழுதேன்.

இப்போது அந்த மீதி. பந்து விழுந்தபோது கோலமாவு புகையாக எழும்பியதைப் பார்த்தேன். கோட்டின் மேல் வட்டமாகத் தடம் இருந்தது. "வெளியே" என்று கத்திக்கொண்டே வலது காலை அதன் மேல் வைத்துத் தேய்த்தேன். எஸ்தர் என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். காலை எடு என்று சொல்லியிருக்கலாம். அவள்மேல்தான் தப்பு என்று நான் ஊரெல்லாம் சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். உங்களில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த பேட்டும் அவள் கோலமாவு டப்பாவும் என்னிடம் இருக்கின்றன. நாளை முகூர்த்தம் இல்லை. ஐந்தரைக்கு நான் வந்து கோடு போடுகிறேன், வாருங்கள். டீச்சரம்மாக்களே, ஜெயித்தது நீங்கள்தான். பந்து உள்ளேதான்டி, எஸ்தர்.